பாலைவனத்தில் நவமணி அடுக்கிய வீடுகள்

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் நவமணியைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் அவள் கையால் மீ கோரெங் வாங்கித் தின்ற பிள்ளைகள் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிறார்கள். சாலையில் அவளைக் கண்டால் ஹார்ன் அடித்து "ஆண்ட்டி!" என்று கத்திவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவள் அமெரிக்கா போய் வந்தால் ஊர் சும்மா விடுமா? பாசாரில் மீன் வெட்டுகிறவர், கோயிலில் பூக்கட்டுகிறவள், பக்கத்துத் தெரு தையல்காரி என்று ஆளாளுக்குப் பிடித்து நிறுத்திக் கேட்டார்கள்.

"எப்படிக்கா இருந்துச்சு அமெரிக்கா?"

"ஒரே கல்லுலா. எங்க திரும்புனாலும் கல்லுதான்" என்பாள் நவமணி. அதோடு சரி. பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள்.

கல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனாள் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அந்தக் கல் கதை முழுதாகத் தெரிந்தவர் அவள் புருஷன் பத்துமலை ஒருவர்தான். அந்த மனிதரோ வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டவர் போல இருப்பார். காப்பிக் கடையில் உட்கார்ந்தால்கூட அடுத்தவர் பேச்சுக்குத் தலையாட்டுவாரே தவிர வாய் திறக்க மாட்டார். ஆகவே நாம்தான் சொல்லியாக வேண்டும்.

இருவருக்கும் ஒரே பிள்ளை, தினேஸ்வரி. படிப்பில் கெட்டிக்காரி. பினாங்கில் ஒரு சிப் தொழிற்சாலையில் இஞ்சினியராகச் சேர்ந்தவளைக் கம்பெனி அரிசோனாவுக்கு அனுப்பியது. "கொஞ்ச காலம்தாம்மா, வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அந்தக் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டே போனது. நவமணி பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுமைக்கு ஒரு காரணம் இருந்தது. அது பக்கத்து வீடு.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஆ மோய் தன் மகனோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். அதில் பாதிக் கிளை நவமணியின் வீட்டுப் பக்கம்தான் காய்க்கும். நவமணி மனத்துக்குள் திட்டம் போட்டாள். மகள் திரும்பி வருவாள், அந்த வீட்டை வாங்குவாள், நடுச்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்துவிட்டால் இரண்டு வீடும் ஒரு வீடு. பலகை வெயிலில் வெளுத்தது, மழையில் ஒரு பக்கம் சாய்ந்தது. யாராவது காரை நிறுத்தி அந்த வீட்டை எட்டிப் பார்த்தால் போதும், நவமணி வெளியே வந்து "கூரை ஒழுகுது, கரையான் வேற" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். பச்சைப் பொய். பத்துமலை தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் தினேஸ்வரி போன் செய்தாள்.

"அம்மா, நான் இங்க ஒரு வீடு பார்த்திருக்கேன். சின்ன வீடுதான், ஆனா நல்லாருக்கு. டிக்கெட் போடுறேன், நீயும் அப்பாவும் வந்து பாருங்க."

நவமணி போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். வாடகை வீட்டில் இருக்கிறவரைக்கும் மகள் வெளியூர் போன பிள்ளை. சொந்த வீடு வாங்கிவிட்டால் அவள் அந்த ஊர்க்காரி. சொந்த வீடு என்றால் என்னவென்று நவமணிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும் பத்து காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அவள் பால்மரம் வெட்டிப் பால் சேர்த்தாள், பத்துமலை பால் லாரி ஓட்டினார். குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்காரனுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போச்சு. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட யோசிப்பார்கள். ஆனாலும் என்ன வாழ்க்கை அது! விடிகிற நேரத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போவதும், மரத்துக்கு மரம் கத்திப் பேசிக்கொண்டே வெட்டுவதும், பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வெறும் வாளியோடு திரும்பும்போது பத்துமலை வேண்டுமென்றே லாரியை உருட்டிக்கொண்டு அவள் நடைக்குச் சமமாக வருவதும், பின்னால் வரும் பெண்கள் "ஏறிக்கோடி, சும்மா ஏறிக்கோ!" என்று கேலி செய்வதும். இப்போது நினைத்தாலும் நவமணிக்கு முகம் சிவந்துவிடும். அவள் ஏங்குவதைப் பார்த்தால் அட்டைக்கடியும் கொசுக்கடியும் மறந்துபோயிற்றோ என்று தோன்றும். மறக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் ஏங்குகிறாள்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் அடியில் ஒரு பொந்துக்குள் முருகன். அங்கே பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சொந்த வீடு வேண்டும் என்கிறவள் குன்றின்மேல் ஏறி, கல்மேல் கல்லாக அடுக்கி, உச்சிக் கல்லில் திருநீறு பூசி வேண்டிக்கொள்வாள். நடக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. காற்றிலோ குரங்காலோ கல் விழுந்துவிட்டால் அடுக்கினவளே போய்த் திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கின கையே கலைத்தால், கேட்டது வேண்டாம் என்று சாமியிடம் சொன்னதாக அர்த்தம். அடுத்த வீட்டுக் காளியம்மா, மகனோடு தெலுக் இந்தானுக்கே போய்விடுவது என்று முடிவானதும், குன்றேறிப் போய்த் தன் கல்லைத் தானே கலைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கி வந்தாள். நவமணி கண்ணால் பார்த்தது.

தோட்டம் கைமாறுகிறது, எல்லோரும் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று செய்தி வந்தபோது நவமணியும் குன்றேறினாள். இடுப்பில் நாலு வயதுத் தினேஸ்வரி. உச்சிக் கல்லைப் பிள்ளையின் கையில் கொடுத்து, தூக்கிப் பிடித்து வைக்கச் சொன்னாள். சீக்கிரமே குனோங் ராபாட்டில் இந்த வரிசை வீடு அமைந்தது. பத்துமலை ராப்பகலாகப் பஸ் ஓட்டியதும், அவள் சிற்றுண்டிச் சாலை அடுப்பில் வெந்ததும்தான் அந்த வீடு என்று நீங்களும் நானும் சொல்வோம். நவமணி சொல்லமாட்டாள். அவளைப் பொறுத்தவரை அது கல் கொடுத்த வீடு.

அரிசோனாவில் இறங்கிய மறுநாளே தினேஸ்வரி வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். சாவி இன்னும் கைக்கு வரவில்லை, பேங்க் கடனுக்குச் சரி என்று சொல்லவேண்டும். வெளியே நின்றுதான் பார்த்தார்கள். மண் நிறத்தில் சுவர். முற்றத்தில் புல்லுக்குப் பதில் கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

"புல்லுக்கு ஊத்த இங்க ஏதும்மா தண்ணி? எல்லா வீட்டுலயும் இப்படித்தான். எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றாள் நவமணி. அப்புறம் அடக்கமாட்டாமல், "கூரை ஒழுகுமோ?" என்று கேட்டாள்.

பத்துமலைக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மூவரும் மலை ஏறக் கிளம்பினார்கள். நவமணி ஈப்போவில் ஞாயிறு தவறாமல் கிளேடாங் மலை ஏறுகிறவள். கால் இன்னும் கெட்டி. "உன் கிளேடாங் மலையெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லம்மா" என்று தினேஸ்வரி சவடால் விட்டாள். காரில் வடக்கே யூட்டா பக்கம் போகப் போக மரம் குறைந்தது, புல் குறைந்தது, கடைசியில் வீடே இல்லை. மண் சிவந்துகொண்டே வந்தது. அப்புறம் அந்த மலைகள். உச்சி என்று ஒன்று கிடையாது. யாரோ கழுத்தோடு சீவிவிட்ட மாதிரி மேலே மட்டமாக, தோசைக்கல்லைக் கவிழ்த்துவைத்தது போல, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றன. நடுவே கிடுகிடு பள்ளங்கள்.

"இதுக்குத் தலை எங்க போச்சு?" என்றார் பத்துமலை. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

நவமணி புளிச்சோறு கிண்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த இக்கான் பிலிஸ் நெத்திலியில் சம்பால் வைத்து, பிளாஸ்க்கில் மைலோ கலக்கி எடுத்து வந்திருந்தாள். பத்துமலைக்கு இனிப்பு நீர் வியாதி; நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். தண்ணீரைத் தினேஸ்வரி முதுகுப் பையில் சுமந்தாள். ஒரு பக்கமாகச் சரிந்திருந்த பாதை வழியே ஏறி மேலே வந்ததும் நவமணிக்கு மூச்சே நின்றுவிட்டது. மேலே வெட்டவெளி. காலடியில் வெறும் பாறை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. பால்மரக் காட்டில் மழை ஓய்ந்த மறு நிமிஷம் வருமே ஒரு அமைதி, அது இங்கே நாள் பூராவும் இருந்தது.

அப்போதுதான் அவள் அந்தக் கல்லைப் பார்த்தாள்.

பாறைமேல் கல்மேல் கல்லாக நாலைந்து அடுக்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. நவமணி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தப் பாறையில் செருப்புத் தடம் விழாது, பாதை தெரியாது. ஆகவே வழி தவறாமல் இருக்க நடக்கிறவர்கள் வைத்த அடையாளக் கற்கள் அவை. தினேஸ்வரிக்கு அது தெரியும். அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்பானேன்? கல்லைக் கல்மேல் எதற்கு அடுக்குவார்கள் என்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? 'அடேயப்பா, வெள்ளைக்காரனும் வீடு இல்லாமத்தான் இருக்கான் போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது. கூடவே ஒரு தைரியமும் வந்தது. முருகா, இங்கேயும் நீ இருக்கியா?

பாதி தூரம் போனதும் தினேஸ்வரி வழியைவிட்டு விலகி, ஒரு பாறை நிழலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பத்துமலைக்கு அவசரம் வந்துவிட்டது. மகள் கண்ணில் படாத இடமாக வேண்டும் என்று சரிவில் இறங்கிக் கீழே போனார். கூச்சக்கார மனிதர், போதாக்குறைக்கு இனிப்பு நீர். ஒரு தடவையோடு நிற்கவில்லை. துணைக்குப் போன நவமணி, அவர் ஒவ்வொரு முறை பாறைக்குப் பின்னால் மறையும்போதும் சும்மா நிற்கவில்லை. நிழல் பாறைக்குக் கிட்டே ஒன்று, கீழே கொஞ்சம் தள்ளி ஒன்று, இன்னும் கீழே பள்ளத்து விளிம்பில் ஒன்று என்று அடுக்கினாள். சுருக்குப் பையிலிருந்து திருநீறு எடுத்து உச்சிக் கல்லில் பூசினாள். என்ன கேட்டாள் என்பது உங்களுக்கே தெரியும். பலகை தொங்கும் வீடு, ரம்புத்தான் மரம், நடுச்சுவரில் ஒரு கதவு. ஒரே வீட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கடைசிக் கல்லைப் பத்துமலை பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள கேட்ட?"

"சொல்லக்கூடாது."

"ஆ மோய் வீடுதானே?"

"சும்மா வாங்க நீங்க."

மறு விளிம்பில், பெரிய பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். தினேஸ்வரி ஸ்பூனைத் தூர வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்படித்தான் சட்டியோடு உட்காருவாள், சம்பால் ஒழுகி முழங்கை வரைக்கும் வரும். இப்போதும் வந்தது.

"இந்த ருசிக்கே ஊருக்கு வந்துடலாம்மா" என்றாள்.

'வந்துடேன்' என்பது நவமணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாய் வேறு சொன்னது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

"பேங்க் சரின்னு சொல்லிட்டா இந்த வாரமே சாவி குடுத்துடுவாங்க. சரின்னு சொல்லணும்னு வேண்டிக்கோம்மா."

"ம்" என்றாள் நவமணி. அந்த 'ம்' தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியது. பெற்ற பிள்ளை ஆசையோடு கேட்கிறாள், தான் அதற்கு நேர் எதிராக வேண்டிவிட்டு வந்திருக்கிறோம். குற்றமாக இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை.

திரும்பும்போது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. தினேஸ்வரி முன்னால், அடுக்குக் கல்லைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். காலையில் நன்றாகத் தெரிந்த பாறையெல்லாம் மறுபக்கமிருந்து வரும்போது ஒன்றுபோல இருந்தது. ஓர் இடத்தில் இடப்பக்கம் ஓர் அடுக்கு தெரிய, அந்தப் பக்கம் திரும்பினாள். கீழே இன்னொன்று தெரிந்தது. இறங்கினார்கள்.

"இந்தப் பக்கம் வந்த மாதிரி இருக்கே" என்றார் பத்துமலை.

"ஆமாப்பா, வந்த வழியாத்தானே திரும்பிப் போறோம்" என்றாள் மகள்.

அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். நவமணி முட்டி வலியில் தன் காலைப் பார்த்துக்கொண்டே கடைசியில் வந்தாள். சரிவு குறுகியது, இருபுறமும் பாறை உயர்ந்தது. அப்புறம் தரையே முடிந்துபோனது. முன்னால் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம்.

தினேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை, காலையிலிருந்து படம் எடுத்ததில் அது சாகக் கிடந்தது. பையில் தண்ணீர் அடியில்தான் இருந்தது. பத்துமலை ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவர் கை நடுங்குவதை நவமணி பார்த்தாள். மிச்சமிருந்த மைலோவை ஊற்றி அவர் வாயில் வைத்தாள்.

"எந்த மடையன் இங்க கல்லு வச்சது?" தினேஸ்வரி கத்தினாள். பயம் அவளைக் கத்தவைத்தது. "வழின்னு நம்பித்தானே வாறோம்! இப்படி வச்சு எத்தனை பேரு செத்துருக்காங்க தெரியுமாம்மா? தண்ணி இல்லாம, வழி தெரியாம..."

"வழியா?" என்றாள் நவமணி.

"இது வழி காட்டுற கல்லும்மா! இதைப் பார்த்துத்தான் நடக்கணும்."

நவமணி விளிம்பில் நின்ற அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். தினேஸ்வரி அந்த அடுக்கைக் காலால் எற்றப் போனவள் அப்படியே நின்றாள். குனிந்தாள். விளிம்புப் பாறை மறைவில் காற்று படாமல் இருந்த உச்சிக் கல்லில், வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக, "அமெரிக்காக்காரன் எவன் விபூதி பூசுவான்?"

நவமணி தலை நிமிரவில்லை. பத்துமலை வானத்தைப் பார்த்தார். பிறகு தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழியத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக் கல்லா? தோட்டத்துல வைப்போமே, அந்தக் கல்லா? என்னைத் தூக்கி வைக்கச் சொன்னியே?"

"உனக்கு ஞாபகமிருக்கா?"

"எப்படிம்மா மறக்கும்!" தினேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வீடு அமையணும்னுதானே வச்ச? நான் கேக்கறதுக்கு முன்னாலயே வேண்டிக்கிட்டியா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நவமணிக்கும் தெரியும். மகளின் முகத்தைப் பார்த்தாள். பத்துமலையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

அப்புறம் அந்தக் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பத்துமலை எழுந்து வந்து, "நான் எடுக்கிறேன் புள்ள" என்றார்.

"வேணாம். நான் வச்சது, நான்தான் எடுக்கணும்."

தினேஸ்வரிக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. "அம்மா, இரு! வச்ச கையே கலைச்சா வேணாம்னு சொன்ன மாதிரின்னு நீதானே சொல்லுவ? பேங்க்ல முடியாதுன்னு சொல்லிட்டா?"

"நாளைக்கு எவ பெத்த பிள்ளையோ இதைப் பார்த்துட்டு இந்தப் பள்ளத்துக்கு வந்து நிக்கும். எடுத்துத்தான் ஆகணும்லா."

உச்சிக் கல்லை எடுத்து முந்தானையால் திருநீற்றைத் துடைத்தாள். ஒவ்வொரு கல்லாக எடுத்து, கிடந்த இடத்தில் கிடக்கிற மாதிரி வைத்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பது பத்துமலைக்கு மட்டும் விளங்கியது. சரிவில் கொஞ்சம் ஏறினால் அடுத்த அடுக்கு. அதையும் எடுத்தாள். அதற்கு மேலே இன்னொன்று. அவள் வைத்துக்கொண்டே இறங்கியதால், எடுத்துக்கொண்டே ஏறினால் போதும், வழி தப்பாது. ரம்புத்தான் மரம் ஓர் அடுக்கோடு போனது. சுவரில் வைக்க நினைத்த கதவு இன்னொன்றோடு போனது. காலையில் உட்கார்ந்த நிழல் பாறைக்கு வந்து சேர்ந்தபோது, அவளுக்குக் காளியம்மாவின் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தப் பெண் ஏன் அப்படி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள் என்பது இப்போதுதான் புரிந்தது. கடைசி அடுக்கைக் கலைக்கும்போது நவமணி வாய்விட்டே அழுதாள்.

"அழாதம்மா," என்று தினேஸ்வரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வேற எடத்துல அடுக்கிக்கலாம். வழி இல்லாத எடமா பார்த்து."

அங்கிருந்து சரியான அடையாளக் கல் தெரிந்தது. இருட்டுவதற்கு முன்னால் காருக்கு வந்துவிட்டார்கள். காரில் கிடந்த இனிப்பு பிஸ்கட்டைத் தின்றதும் பத்துமலையின் கை நடுக்கம் நின்றது. திரும்பும் வழியெல்லாம் தினேஸ்வரி விபூதியை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

பேங்க் சரி என்றது. இவர்கள் ஊர் திரும்புவதற்கு முன்னாலேயே சாவியும் வந்துவிட்டது. தினேஸ்வரி கதவைத் திறக்கவில்லை. அம்மாவைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கேயும் கல்தான் கொட்டிக் கிடந்தது.

"இங்க யாரும் வழி தப்ப மாட்டாங்க. அடுக்கும்மா."

நவமணி நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கினாள். பெரிதை அடியில் வைத்தாள், ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தாள், அதன்மேல் இன்னொன்று. உச்சிக் கல்லை மகளிடம் நீட்டினாள். "நீ வை. இப்பல்லாம் உன்னைத் தூக்க என்னால ஆகாது."

தினேஸ்வரி வைத்தாள். நவமணி திருநீறு பூசினாள். மலையில் மகளுக்குச் சொன்ன பொய்யை அந்த இடத்தில் அவள் மெய்யாக்கினாள். முருகா, இந்த வீடு நிலைக்கட்டும், என் பிள்ளை இதில் நல்லா இருக்கட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டு முடித்தபோது, அவளே ஆச்சரியப்படும்படி, தொண்டையில் அந்த மீன் முள் இல்லை. வலி இருந்தது. முள் இல்லை.

பத்துமலை பக்கத்தில் வந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, மகள் பார்க்க அவள் கையைப் பிடித்தார்.

குனோங் ராபாட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பலகையைக் காணோம். வாசலில் புதுச் செருப்புகள், உள்ளே குழந்தைச் சத்தம். இவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து விற்றிருக்கிறார்கள், இருந்திருந்தால் விட்டிருப்பாளா? நவமணி அன்றைக்குச் சாயங்காலமே கேசரி கிண்டி, தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டு இளம் பெண் கதவைத் திறந்ததும், "நல்ல வீடும்மா. கூரை ஒழுகாது, கரையான் கிடையாது" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் பத்துமலைக்கு மறுபடியும் இருமல்.

இப்போது வாரம் தவறாமல் தினேஸ்வரி போன் செய்கிறாள். வேலை, வெயில், ஊர் விஷயம் எல்லாம் பேசி முடித்துவிட்டுப் போனைக் கொல்லைப் பக்கம் காட்டுவாள்.

"பாரும்மா, நேத்து அப்படிக் காத்து. உன் கல்லு அசையவே இல்ல."

நவமணி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அந்தக் கல்லை உற்றுப் பார்ப்பாள். உச்சியில் திருநீறு எப்போதோ போய்விட்டது. கல் அப்படியே நிற்கிறது.

"விழுந்தா சொல்லு" என்பாள். "உடனே வாரேன்."